அக்கரையில் நின்றவர்

மாசிலாமணி ஆசிரமத்துக்கு வந்தபோது அவருக்கு அறுபது தாண்டியிருந்தது. குருவுக்கு அவரைவிடப் பதினைந்து வயது குறைவு.

குருவின் பெயர் அருள்பாக்கியம். எல்லோரும் அவரை அம்மா என்றார்கள். மாசிலாமணியும் அப்படியே அழைத்தார். அம்மா அவரை அண்ணாச்சி என்றார்.

மலையடிவாரத்தில், ஆற்றின் இக்கரையில் இருந்தது ஆசிரமம். ஒரு ஜெபக்கூடம், சில ஓட்டு அறைகள், முன்னால் ஒரு மாந்தோப்பு. பின்னால், மேட்டில், ஒரு சிறு குளம். மலை ஓடையை மறித்து எந்தக் காலத்திலோ கட்டியது. குளத்துக் கரைக்கு நேர் கீழே கல்லடி என்ற குடியிருப்பு. குளத்தின் ஷட்டரைத் திறந்தால் தண்ணீர் கால்வாய் வழியே வேறு பக்கம் திரும்பி, பால்துரை என்பவரின் வயலுக்குப் போகும்.

மாசிலாமணி ரயில்வேயில் ஸ்டேஷன் மாஸ்டராக இருந்தவர். உத்தரவு வராமல் ஒரு வண்டியையும் அவர் அனுப்பியதில்லை. அதில் அவருக்குப் பெருமை உண்டு. ஓய்வு பெற்ற பிறகு மனைவியைக் கேட்டு எல்லாம் செய்தார். மனைவியும் போன பிறகு வீட்டில் கேட்க ஆளில்லை. ஆசிரமத்துக்கு வந்துவிட்டார்.

இங்கே எந்த வாழைத்தாரை வெட்டுவது என்று அம்மாவிடம் கேட்பார். வேதாகமத்தில் எந்தச் சங்கீதத்தை வாசிப்பது என்று கேட்பார். காய்ச்சல் வந்தால் மாத்திரை போடலாமா என்று கேட்பார். அம்மா சில நேரம் பதில் சொல்வார். சில நேரம் சிரித்துவிட்டுப் போய்விடுவார். அம்மா சிரித்துவிட்டுப் போகும் நாட்களில் மாசிலாமணிக்குச் சோறு இறங்காது.

ஐப்பசியில் ஒரு நாள் காலை ஜெபத்தில் ஆதியாகமம் வாசித்தார்கள். தோட்டம், தொடக்கூடாத மரம், பாம்பு, பழம். வாசித்து முடிந்ததும் மாசிலாமணி எழுந்து நின்றார்.

"அம்மா, ஒண்ணு கேக்கணும்."

"கேளுங்க அண்ணாச்சி."

"பாம்பு ஏவாள்ட்ட பேசிக்கிட்டு இருக்கு. அந்த நேரத்துல ஆண்டவர் எங்க போயிருந்தார்?"

அம்மா அவரைப் பார்த்தார்.

"சாயங்காலம் வாரார். எல்லாம் முடிஞ்ச பிறகு வந்து, ஆதாமே எங்க இருக்கன்னு கேக்கார். அதுக்கு முன்னால ஒரு சத்தம் குடுத்திருந்தா போதும். ஒரே ஒரு சத்தம். இவ்வளவும் நடந்திருக்காது."

"தொடாதேன்னுதான் முன்னாலயே சொல்லியாச்சே."

"அது முன்னால சொன்னது. அந்த நேரத்துல ஏன் சொல்லல?"

அம்மா வேதாகமத்தை மூடி வைத்துவிட்டு எழுந்தார்.

"நான் இன்னைக்கு அக்கரைக்குப் போறேன். அங்க ஒரு அம்மாவுக்கு முடியல. நாளைக்கு வந்துருவேன். ஆசிரமத்தைப் பாத்துக்கோங்க."

"என்ன என்ன செய்யணும்னு சொல்லிட்டுப் போங்க."

"வழக்கமா நடக்கிறதுதான். ஷட்டரை மட்டும் நான் வர்ற வரைக்கும் தொட வேண்டாம். பால்துரை வயல் அறுப்புக்கு நிக்குது. அறுத்து முடிக்கிற வரைக்கும் தண்ணி விடமாட்டோம்னு அவருக்கு வாக்குக் குடுத்திருக்கேன்."

மாசிலாமணிக்கு நிம்மதியாக இருந்தது. அது தெளிவான உத்தரவு.

அன்று மாலை மழை பிடித்தது. மறுநாள் விடிந்தும் விடவில்லை. மலை தெரியவில்லை. மின்சாரம் நின்று, செல்போன்களும் செத்துவிட்டன. ஆற்றைக் கடக்கும் தரைப்பாலத்தின் மேல் செம்மண் நிறத்தில் வெள்ளம் போனது.

மாசிலாமணி ஆற்றங்கரைப் பாறையில் ஏறிப் பார்த்தார். அக்கரையில் வெள்ளைப் புடவையும் கறுப்புக் குடையும் தெரிந்தன. அம்மாதான். பாலத்தைக் கடக்க முடியாமல் நின்றுகொண்டிருந்தார்.

"அம்மா!" என்று கத்தினார். ஆற்றின் இரைச்சலில் அது அவருக்கே கேட்கவில்லை. ஆனாலும் கண்ணுக்குத் தெரிகிறாரே, அது போதும் என்று திரும்பினார்.

தோப்புக்குள் தங்கபுஷ்பம் எதிரே ஓடி வந்தாள். ஆசிரமத்தில் சமையல் பார்ப்பவள். கல்லடிக் குடியிருப்பில் பிறந்தவள். அவள் அக்காவும் அண்ணனும் இன்னும் அங்கேதான் இருந்தார்கள்.

"குளத்துக் கரையை வந்து பாருங்க."

குளம் நிறைந்து கிடந்தது. மிஞ்சிய தண்ணீர் வழியும் மறுகால் ஒரு பக்கம் பாய்ந்துகொண்டுதான் இருந்தது. ஆனால் மலையிலிருந்து வரும் தண்ணீர் அதைவிட அதிகம். அவள் அவரைக் கரையின் அடிப்பக்கம் கூட்டிப் போனாள். அங்கே புல்லுக்கு நடுவில் ஓர் ஊற்று. விரல் தடிமனுக்குத் தண்ணீர் வந்துகொண்டிருந்தது.

"காலைல தெளிவா வந்துச்சு. இப்ப பாருங்க."

தண்ணீர் கலங்கி வந்தது. கரையின் மண் அதில் கரைந்து வந்தது. மாசிலாமணி குனிந்து கையில் ஏந்தினார். உள்ளங்கையில் சேறு தங்கியது.

"ஷட்டரைத் திறந்துருங்க ஐயா. தண்ணி இறங்குனா கரை பிழைக்கும்."

"அம்மா தொடக்கூடாதுன்னு சொல்லியிருக்காங்க."

"அப்ப மழை இல்லையே!"

"நீ போய் குடியிருப்புல சொல்லு. எல்லாரும் மேட்டுக்கு வரட்டும். நான் அம்மாட்ட கேக்கேன்."

அவர் தன் அறைக்கு ஓடினார். பச்சைத் துண்டு ஒன்று இருந்தது. சிவப்புக்கு ஜெபக்கூடத்து மேசைவிரிப்பை எடுத்துக்கொண்டார். பாறையில் ஏறினார். கால் வழுக்கி விழுந்து, சட்டை தோளில் கிழிந்தது. எழுந்து நின்று, ஒரு கையில் பச்சையும் ஒரு கையில் சிவப்புமாக உயர்த்திக் காட்டினார். பின்னால் குளம் இருந்த திசையைக் காட்டினார். ஷட்டரின் சக்கரத்தைத் திருப்புவது போலக் கைகளைச் சுழற்றினார். மீண்டும் பச்சையைத் தூக்கினார். சிவப்பைத் தூக்கினார். எது?

அக்கரையில் அம்மா நின்றார். குடை காற்றில் மடங்கிப் போயிருந்தது. அதை மடக்கிக் கீழே போட்டுவிட்டார். மழையில் நனைந்தபடி அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். கை அசையவில்லை. தலை அசையவில்லை.

மாசிலாமணி இன்னொரு முறை காட்டினார். புரியவில்லையோ என்று மெதுவாகக் காட்டினார். பிறகு கெஞ்சுவது போலக் கைகூப்பினார்.

அம்மா நின்றார்.

தங்கபுஷ்பம் மூச்சிரைக்க வந்தாள்.

"ஒருத்தரும் வரமாட்டேங்காங்க."

"ஏன்?"

"ரெண்டு பேர் கீழ ஆத்தோரம் வந்து பாத்துட்டுப் போனாங்களாம். அம்மா எதுக்க நிக்காவல்லா, ஏதும் ஆபத்துன்னா கை காட்ட மாட்டாவளான்னு கேக்காங்க. எங்க அக்கா அடுப்புல சோத்தை வச்சுக்கிட்டு உக்காந்திருக்கா. மழையில பிள்ளைகளைத் தூக்கிட்டு எங்க போகன்னு கேக்கா."

 அம்மாவின் அசையாத உருவத்தை மாசிலாமணி பார்த்தது போலவே அவர்களும் பார்த்திருக்கிறார்கள். அவருக்கு அது திகிலாக இருந்தது. அவர்களுக்கு அது தைரியமாக இருந்தது.

அவர் குளத்துக்கு ஓடினார். ஷட்டர் மேடையில் பால்துரை நின்றுகொண்டிருந்தார். தலையில் சாக்கு. கையில் ஒன்றும் இல்லை. செய்தி எப்படியோ அவருக்குப் போயிருந்தது.

"ஐயா, திறக்கப் போறதா சொன்னாங்க."

"இன்னும் முடிவு பண்ணல பால்துரை."

"நெல்லு தலை சாஞ்சு நிக்குது. இந்த வருஷம் எங்களுக்கு அதுதான் சோறு. அம்மா வாக்குக் குடுத்திருக்காவ."

"கரை கசியுது. கலங்கி வருது."

"இந்தக் குளம் எத்தனையோ தடவை நிறைஞ்சிருக்கு. ஒரு தடவையும் உடைஞ்சதில்லை. எங்க அப்பா காலத்துலயும் கசியத்தான் செஞ்சுது."

"கலங்கி வந்துச்சா?"

பால்துரை கரையைக் குனிந்து பார்த்தார். மழைநீர் அவர் முகத்தில் வழிந்தது.

"உடையும்னு உங்களுக்கு நிச்சயமா தெரியுமா?" என்று கேட்டார்.

"தெரியாது."

"அப்ப?"

பின்னாலேயே வந்த தங்கபுஷ்பம் சக்கரத்தைப் பிடித்தாள். "நீங்க திறக்கலேன்னா நான் திறக்கேன். அங்க எங்க அக்கா இருக்கா."

"இரு."

"எதுக்கு இருக்கணும்?"

"இரு, இன்னொரு தடவை கேட்டுட்டு வாரேன்."

அவர் மீண்டும் ஆற்றங்கரைக்கு ஓடினார். மூச்சு முட்டியது. பாறையில் ஏற முடியவில்லை. கீழேயே நின்று இரண்டு துணிகளையும் தூக்கினார். அம்மா அங்கேயே நின்றார். முழுதும் நனைந்திருந்தார். அவ்வளவு தூரத்திலும் அவர் கண்கள் தன்மேல் இருப்பது மாசிலாமணிக்குத் தெரிந்தது.

"சொல்லுங்களேன்!" என்று கத்தினார். "வேண்டாம்னாவது சொல்லுங்களேன்!"

ஆறு இரைந்தது. அவருக்கு முதன்முறையாக அம்மாமேல் கோபம் வந்தது. கோபம் வந்ததும் அழுகை வந்தது. இரண்டு துணிகளையும் கீழே போட்டார். அக்கரைக்கு முதுகைக் காட்டித் திரும்பி நடந்தார். 

கரையடியில் ஊற்று இப்போது மணிக்கட்டு அளவு இருந்தது. பழுப்பு நிறத்தில் கொப்பளித்தது. கீழே ஓட்டுக்கூரைகளின் இடுக்கில் அடுப்புப் புகை மழையில் மேலே எழும்ப முடியாமல் படர்ந்தது. ஒரு குழந்தை அழும் சத்தம் கேட்டது. யாரோ அதை அதட்டினார்கள்.

அவர் மேடையில் ஏறினார்.

"பால்துரை, தள்ளிக்கோங்க."

"அம்மா திறக்கச் சொன்னாவளா?"

பொய் சொல்லிவிடலாம். ஆமாம் என்று ஒரு சொல். பால்துரை விலகிவிடுவார். பிறகு பழியும் அம்மாமேல் போய்விடும். மாசிலாமணி வாயைத் திறந்தார்.

"சொல்லல. நான்தான் திறக்கேன்."

பால்துரை அவர் முகத்தையே பார்த்தார். அடிக்கப் போகிறார் என்று மாசிலாமணி நினைத்தார். அடிக்கவில்லை. மேடையிலிருந்து இறங்கினார். கொஞ்ச தூரம் போய், தன் வயலைப் பார்த்து, கரையிலேயே உட்கார்ந்துவிட்டார்.

சக்கரம் துருப்பிடித்திருந்தது. மாசிலாமணியும் தங்கபுஷ்பமும் சேர்ந்து தள்ளினார்கள். அசையவில்லை. மறுபடி தள்ளினார்கள். கிரீச்சென்று ஒரு சத்தம். பிறகு அடியில் இடி போல் ஒரு முழக்கம். தண்ணீர் கால்வாயில் விழுந்து, அதன் கரைகளைப் பெயர்த்துக்கொண்டு, வளைந்து, மஞ்சளாக நின்ற வயலுக்குள் புகுந்தது. நெல் படுத்தது. பிறகு நெல் தெரியவில்லை.

பால்துரை தலையிலிருந்த சாக்கை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

பொழுது சாய்வதற்குள் குளம் இறங்கியது. ஊற்று மெலிந்து நின்றது.

அதன் பிறகு கொஞ்ச நேரத்தில் மழையும் நின்றுவிட்டது.

வானம் வெளுத்தது. குடியிருப்பிலிருந்து ஆட்கள் கரைக்கு வந்து பார்த்தார்கள். கரை அப்படியே இருந்தது.

"மழைதான் நின்னுட்டுதே" என்றார் ஒருவர். "கொஞ்சம் பொறுத்திருக்கலாம்."

"பாவம், பால்துரை" என்றாள் ஒரு பெண்.

யாரும் மாசிலாமணியிடம் ஒன்றும் சொல்லவில்லை. தங்கபுஷ்பத்தின் அக்கா மட்டும் அவரைப் பார்த்துக் கும்பிடுவது போலக் கையைத் தூக்கி, சுற்றிலும் பார்த்துவிட்டு, இறக்கிக்கொண்டாள்.

மறுநாள் ஆறு வடிந்தது. அம்மா கடந்து வருவதைத் தங்கபுஷ்பம்தான் முதலில் பார்த்தாள். சொல்லலாம் என்று திரும்பினாள். மாசிலாமணியைக் காணவில்லை.

அவர் சாமான் அறையில், நெல் குதிருக்குப் பின்னால் இருந்தார். தகரப்பெட்டியில் துணிமணிகளை அடுக்கி வைத்திருந்தார். அம்மாவின் செருப்புச் சத்தம் தோப்புக்குள் கேட்டது. 

"அண்ணாச்சி," என்று வெளியே குரல் கேட்டது. "எங்க இருக்கீங்க?"

அவர் அசையவில்லை.

"அண்ணாச்சி."

"இங்க இருக்கேன்."

அம்மா உள்ளே வந்தார். தகரப்பெட்டியைப் பார்த்தார். எதிரே ஒரு கவிழ்த்த மரக்காலின் மேல் உட்கார்ந்தார். சளி பிடித்திருந்தது. குரல் கரகரத்தது.

"உங்க வார்த்தையை மீறிட்டேன்" என்றார் மாசிலாமணி.

"ஆமா."

"தங்கபுஷ்பம்தான்..." என்று தொடங்கினார். நிறுத்தினார். தரையைப் பார்த்தார். "நான்தான் திறந்தேன்."

அம்மா இருமினார்.

"கேட்டேனே அம்மா. கைகூப்பிக் கேட்டேனே. ஏன் ஒரு பதிலும் சொல்லல?"

"அங்க இருந்து குளம் தெரியாது அண்ணாச்சி. தோப்பு மறைக்கும். கரை ஊறுதா, கலங்குதா, ஒண்ணும் தெரியாது. நீங்க மட்டும்தான் தெரிஞ்சீங்க."

மாசிலாமணி நிமிர்ந்தார். அது அவருக்குத் தோன்றியதே இல்லை.

"அப்ப எதுக்கு மழையில நின்னீங்க? எங்கயாவது ஒதுங்கியிருக்கலாமே."

"உங்களைத் தனியா விட்டுட்டு ஒதுங்க மனசு வரல."

வெளியே மாமரத்திலிருந்து நீர் சொட்டிக்கொண்டிருந்தது.

"நீங்க அசையாம நின்னதைப் பாத்து அவங்க வீட்டுக்குள்ளயே இருந்தாங்க. கரை உடைஞ்சிருந்தா..."

"தங்கபுஷ்பம் சொன்னா." அம்மா முகத்தைத் துடைத்தார். "அதைக் கேட்ட நேரத்துல இருந்து எனக்குக் கை நடுங்குது."

மாசிலாமணி பார்த்தார். உண்மையாகவே நடுங்கியது.

"நான் செஞ்சது சரியா அம்மா?"

"எனக்குத் தெரியாது."

"கரை உடைஞ்சிருக்குமா?"

"இனிமே அது யாருக்கும் தெரியாது."

"நீங்க இங்க இருந்திருந்தா என்ன செஞ்சிருப்பீங்க?"

அம்மா யோசித்தார்.

"பயந்திருப்பேன்" என்றார்.

அவர் எழுந்து போய் ஊசியும் நூலும் கொண்டுவந்தார். "சட்டையைக் கழற்றுங்க. தோள்ல கிழிஞ்சிருக்கு." மாசிலாமணி கூச்சத்தோடு கழற்றிக் கொடுத்தார். வெற்றுடம்பாகக் கைகளைக் கட்டிக்கொண்டு நின்றார். அம்மா மறுபடி உட்கார்ந்து தைத்தார். நடுங்கும் கையால் தைத்ததால் தையல் கோணலாக விழுந்தது. நூலைப் பல்லால் கடித்து அறுத்துவிட்டுக் கொடுத்தார்.

"போட்டுக்கோங்க. வாங்க போவோம்."

"எங்க?"

"பால்துரை வயலுக்கு. மண்வெட்டி ரெண்டு எடுத்துக்கோங்க."

"அவர் முகத்துல நான் எப்படி முழிக்கிறது?"

"தெரியல. போய்ப் பாப்போம்."

ஆசிரமத்து வாசல் வரை மாசிலாமணி வந்தார். அங்கே நின்றுவிட்டார். வாசலுக்கு வெளியே கால்வாய் பிளந்து கிடந்தது. அதற்கப்பால் வயல் இருந்த இடத்தில் மணல். மணலுக்கு நடுவே பால்துரை தனியாகக் குனிந்து, புதைந்த கதிர்களைக் கையால் தோண்டி எடுத்துக்கொண்டிருந்தார். எடுத்தவற்றை உதறிப் பார்த்தார். பாதியை எறிந்தார். இவர்களைக் கண்டு நிமிர்ந்தார். மறுபடி குனிந்துகொண்டார்.

மாசிலாமணியின் கையில் மண்வெட்டி கனத்தது.

"அம்மா, நீங்க வர வேண்டாம். உங்களுக்கு உடம்பு சரியில்லை. மீறினது நான். நான் மட்டும் போறேன்."

அம்மா புடவையைக் கணுக்காலுக்கு மேல் தூக்கிச் செருகிக்கொண்டிருந்தார்.

"ஆதாமும் தோட்டத்தை விட்டு அப்படித்தானே போனான்" என்றார் மாசிலாமணி.  "அவன் வெளிய போய் மண்ணைக் கொத்தினான். ஆண்டவர் உள்ளேயே இருந்துட்டார்."

அம்மா வாசலைத் தாண்டிச் சேற்றில் காலை வைத்தார். கால் முழங்கால்வரை புதைந்தது. மற்றொரு மண்வெட்டிக்காகக் கையை நீட்டினார்.

"உள்ளேயே இருந்துட்டார்னு யார் அண்ணாச்சி சொன்னது?"